டகோட்டாவில் மூட்டை தள்ளப் போன பெரிய தாத்தா: தவுக்ஜானில் பெயர் கிடைக்கவில்லை, எங்கே தேடுவது?

சிரியம்_பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே சண்டைக்காலத்து விஷயம் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்கள் ஆயாவின் அண்ணன், பெரிய தாத்தா என்றுதான் வீட்டில் சொல்வோம், ரங்கூனுக்குப் பக்கத்தில் சிரியம் எண்ணெய் ஆலையில் கூலியாக இருந்தவர். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரனே அந்த ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனான் அல்லவா, அதோடு வேலையும் போனது. ஆயாவும் அவர் அம்மாவும் இங்கே பர்மாவிலேயே தங்கிவிட, இவர் மட்டும் ஒரு கூட்டத்தோடு நடந்து எல்லையில் உள்ள தமு வழியாக இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தாராம். அங்கே ராணுவத்தில் சேர்ந்து, காட்டுக்குள் இருக்கிற பட்டாளத்துக்கு விமானத்திலிருந்து அரிசி மூட்டை தள்ளிவிடுகிற வேலை பார்த்தார், 1944 ஆடி மாதமோ ஆவணியோ போன விமானம் திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் எங்களுக்கு வந்து சேர்ந்த கதை. ஆயா இருந்தவரை ஆடி அமாவாசைக்கு அவருக்கும் சேர்த்துத்தான் படையல்.

போன வாரம் ரங்கூன் பக்கத்தில் உள்ள தவுக்ஜான் போர்க் கல்லறைக்குப் போனேன். பியே ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கினால் வாசல். உள்ளே தூண் தூணாகப் பெயர்கள், அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. விமானப்படை என்று ஒரு தூண் இருக்கும் என்று தேடினால் அப்படி ஒன்றே இல்லை. காவலாளியைக் கேட்டால் சிரிக்கிறார். அப்படியானால் இவர் பெயரைப் போடவே இல்லையா, இல்லை வேறு எங்காவது இருக்கிறதா? இன்னொன்று, அந்த விமானத்தை ஜப்பான்காரன் சுட்டிருப்பானா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

வெற்றிலைக்கடை:

தம்பி, அது பிரிட்டிஷ் ஜெனரல் விங்கேட் துரை போன விமானமாக இருக்கும். அதுவும் 1944தான். இல்லாவிட்டால் சீனாவுக்குச் சாமான் கொண்டுபோன அமெரிக்கன் பிளேன். இமயமலையில் அறுநூறு விமானம் விழுந்து கிடக்கிறது என்று எங்கோ படித்த ஞாபகம்.

மாந்தலே_கணக்குப்பிள்ளை:

வெற்றிலைக்கடை அண்ணே, ரெண்டுமே இல்லை. விங்கேட் இறந்தது 1944 மார்ச் 24, மணிப்பூரில் பிஷ்ணுபூருக்கு மேற்கே மலையில் மோதி. அது மிட்சல் என்கிற குண்டுவீச்சு ரகம், உள்ளே இருந்த பத்துப் பேரும் போய்விட்டார்கள், மூட்டை தள்ளுகிறவர் யாரும் அதில் ஏறவில்லை, ஆடி மாதமும் இல்லை. சீனா ரூட் என்பது அசாமிலிருந்து கச்சின் மலைகளைத் தாண்டி குன்மிங் போகிற வழி. லாஷியோ ஜப்பான்காரன் கைக்குப் போய் பர்மா ரோடு அடைபட்டதால் வந்த ஏற்பாடு அது. அங்கே சாமானை வானத்திலிருந்து போடுவதில்லை, தரையில் இறங்கித்தான் இறக்குவார்கள், தள்ளிவிட ஆளே வேண்டாம். அதனால் அந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

சிரியம் தம்பி, உங்கள் பெரிய தாத்தா விமானத்தில் போனார் என்பதாலேயே விமானப்படைக்காரர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தேடல் சிக்கிக்கொண்டது அங்கேதான். மூட்டை போடப் போனது டகோட்டா என்கிற சரக்கு விமானம், மேலே போன ஒவ்வொரு டகோட்டாவிலும் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். முன்பக்கம் பைலட், துணை பைலட், வழி பார்க்கிறவர், ஒயர்லெஸ்காரர், இவர்கள் விமானப்படை. பின்பக்கம் மூட்டைகளோடு உட்கார்ந்திருக்கிற மூன்று நான்கு பேர் பெரும்பாலும் தரைப்படை. இந்திய ராணுவத்தில் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்று இருந்தது, சுருக்கமாக ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. லாரி ஓட்டுவது, ரேஷன் கட்டுவது, கோவேறு கழுதை மேய்ப்பது வரைக்கும் எல்லாம் அவர்கள் தலையில்தான். அகர்தலா, கொமில்லா மாதிரி விமானத்தளங்களில் மூட்டை கட்டி ஏற்றுவதும், கூடவே பறந்து தள்ளுவதும் அவர்கள் வேலையாக இருந்தது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் சுட்டார்களா இல்லையா என்கிற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. டகோட்டாவில் ஏறக்குறைய மூன்று டன் பிடிக்கும். இடதுபக்கம் பின்னால் உள்ள பெரிய கதவைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கீழே காட்டை வெட்டிச் சின்னதாக ஒரு வெளி, துணி விரித்தோ புகை போட்டோ அடையாளம் வைத்திருப்பார்கள். அந்த வெளியைத் தாண்ட விமானத்துக்குச் சில விநாடிதான் ஆகும், அதற்குள் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவுதான், பிறகு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வர வேண்டும். எட்டுச் சுற்று, பத்துச் சுற்று சாதாரணம். கதவோரம் மூட்டைகளை அடுக்கி, தரையில் மல்லாந்து படுத்து இரண்டு காலாலும் உதைத்து வெளியே அனுப்புவார்கள், விளக்கோ மணியோ வந்ததும் ஒரே உதை. வெடிமருந்து, மருந்துப் பெட்டி எல்லாம் பாராசூட்டில். அரிசி, உப்பு, கழுதைத் தீவனம் சும்மாவே விழும், அதற்காக இரட்டைச் சாக்கு, உள் சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கில் தங்கட்டும் என்று தளர்வாகக் கட்டுவார்கள். பட்டுப் பாராசூட் போதாமல் கல்கத்தா சணல் ஆலைகளில் சணலிலேயே பாராசூட் செய்ய வைத்தார் பதினாலாம் ராணுவத்தின் தளபதி ஸ்லிம், இருபதில் ஒரு பங்கு விலைதான் ஆனதாம்.

இப்போது ஆடி மாதத்தை யோசியுங்கள். 1944 ஜூனில் இம்பால் முற்றுகை உடைந்து, ஜூலையில் ஜப்பான்காரன் பின்வாங்குகிறான். அவனைத் துரத்திக்கொண்டு ஐந்தாம் இந்திய டிவிஷன் இம்பாலிலிருந்து தெற்கே போகிற திட்டிம் ரோட்டில் இறங்குகிறது, பதினொன்றாம் கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன் கபோ பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ரெண்டு பக்கமும் ரோடு சேறு, லாரி நகராது, சோறு மேலே இருந்து வந்தால்தான் உண்டு. அதுவரை மழைக்காலத்தில் சண்டையை நிறுத்துவதுதான் வழக்கம், அந்த வருஷம் நிறுத்தவில்லை. சின் மலையில் கென்னடி சிகரம் 2,700 மீட்டர் உயரம், மேகம் அதற்குக் கீழேயே இறங்கிக் கிடக்கும். அந்த மலைகளுக்கு நடுவில், மூன்று டன் சுமையோடு, மரத்துக்கு மேலே சில நூறு அடியில் திரும்பத் திரும்ப வட்டமடிக்க வேண்டும். இடி மேகத்துக்குள் சிக்கினால் விமானத்தை ஆயிரக்கணக்கான அடி தூக்கிப் போடும், இறக்கை முறிந்ததும் உண்டு.

ஜப்பான் சண்டை விமானம் சுட்டதும் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 1945 ஜனவரி 12ஆம் தேதி ஷ்வேபோ பக்கம் சாமான் போட்டுக்கொண்டிருந்த கனடாக்காரர்களின் 435ஆம் ஸ்குவாட்ரன் என்கிற விமானப்படைப் பிரிவின் மேல் ஹயபூசா விமானங்கள் பாய்ந்து இரண்டு டகோட்டாவை வீழ்த்தின. டகோட்டாவில் திருப்பிச் சுட ஒரு துப்பாக்கி கிடையாது. ஆனால் 1944 மழைக்காலத்தில் ஜப்பான்காரனிடம் இங்கே மிச்சமிருந்த விமானம் கொஞ்சம், அந்த வானிலையில் அவனும் பறக்க வேண்டுமே. எனவே மேகமும் மலையும்தான் என்பது என் கணிப்பு.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கல்லறை கிடைக்காத விமானப்படைக்காரர்களின் பெயர் பர்மாவில் விழுந்திருந்தாலும் இங்கே இருக்காது, சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கும், தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் அங்கேதான் வைத்தார்கள். தரைப்படைக்காரர்கள்தான் தவுக்ஜான் ரங்கூன் நினைவுச் சின்னத்தில், ஏறக்குறைய 27,000 பேர். ஆக ஒரே விமானத்தில் ஒரே நிமிஷத்தில் செத்தவர்களில் பைலட் பெயர் சிங்கப்பூரில், மூட்டை தள்ளியவர் பெயர் ரங்கூனில். கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் காகிதக் கணக்கு அப்படித்தான் ஓடியது. நீங்கள் தேட வேண்டியது ஆர்.ஐ.ஏ.எஸ்.சி என்று போட்ட தூண்கள்.

சிரியம்_பேரன்:

ஐயா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி தூண்களை நான் கடந்துதான் போனேன், லாரிக்காரர்கள் என்று நினைத்து நிற்கவில்லை. இன்னொரு சந்தேகம், நடுவில் வட்டமாக ஒரு மண்டபம் இருக்கிறதே, அங்கே இங்கிலீஷ், பர்மிஸ், இந்தி, உருது, குருமுகி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள், தமிழ் இல்லை. தமிழ் ஆட்களை வேறு எங்காவது தனியாக வைத்திருக்கிறார்களா?

மாந்தலே_கணக்குப்பிள்ளை:

தனியாக எங்கும் இல்லை தம்பி. மெட்ராஸ் ரெஜிமெண்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ், சர்வீஸ் கோர் எல்லாவற்றிலும் நம் ஆட்கள் பெயர் இருக்கிறது, கல்வெட்டு வாசகம் மட்டும் நம் மொழியில் இல்லை. எனக்கும் அதில் வருத்தம் உண்டு, ஒரு வரி வெட்ட எவ்வளவு இடம் ஆகிவிடும்.

கலே_மில்காரர்:

நான் கலேமியோவில் அரிசி மில் வைத்திருந்த குடும்பம், இப்போது ரங்கூனில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் பழைய விமானத் தகரம் பார்க்காத ஆள் கிடையாது. மலை ஏறிப் போகிற சின்காரர்கள் எங்கள் மில்லுக்கு நெல் கொண்டுவருவார்கள், அதில் ஒருத்தர் பன்றிக்குத் தீனி வைக்கிற தொட்டியை அப்பா ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், ஓரம் முழுக்க ஆணி அடித்த மாதிரி குமிழ் குமிழாக ரிவிட், ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அலுமினியம், துருப்பிடிக்காது, லேசு, அதனால் பானை மூடி, கூரை ஒட்டு, எல்லாவற்றுக்கும் ஆகும். பெரிய துண்டு எல்லாம் எப்போதோ பழைய இரும்புக் கடைக்கு வந்து எடைக்குப் போய்விட்டது.

காட்டுக்குள் இன்னும் கிடப்பது எஞ்சின்தான், தூக்க முடியாதே. எங்கள் பழைய வேலைக்காரர் ஒருவர் வேட்டைக்குப் போன இடத்தில் எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது, வட்டமான எஞ்சின், பாதி மண்ணுக்குள், மேலே கொடி படர்ந்திருக்கிறது. திட்டிம் போகிற மலைப்பக்கம் என்றார். இது டகோட்டாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவேளை சிரியம் தம்பி தேடுகிற விமானமாகவே இருந்தால்?

ஊரில் பெரியவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது முதலில் சொல்வது ஆப்பிரிக்கப் பட்டாளத்தைத்தான், கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது. ராத்திரியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்களாம்.

மாந்தலே_கணக்குப்பிள்ளை:

மில்காரரே, போட்டோவில் சிலிண்டர்களை எண்ண முடிகிறதா பாருங்கள். டகோட்டாவுக்கு இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றிலும் பதினான்கு சிலிண்டர், ஏழு ஏழாக இரண்டு அடுக்கு. எண்ணினால் பதினெட்டு வந்தால் அது தண்டர்போல்ட் மாதிரி வேறு ரகம். வட்டமாகவே இல்லாமல் நீளமாக இருந்தால் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர். ஆனால் பதினான்கு வந்ததும் குதிக்க வேண்டாம், ஜப்பான் ஹயபூசாவின் எஞ்சினும் பதினான்குதான், அதுவும் இரண்டு அடுக்குதான். பக்கத்தில் இன்னொரு எஞ்சின் கிடக்கிறதா, மூடியில் தகடு இருந்தால் அதில் பிராட் அண்ட் விட்னி என்று இருக்கிறதா, அது முக்கியம். வால் துண்டில் வரிசை எண் மிஞ்சியிருந்தால் வேலை முடிந்தது, பிரிட்டிஷ் கணக்கில் இருந்த டகோட்டாவுக்கு இரண்டு எழுத்து, மூன்று எண், அந்த எண்ணுக்கு எந்த நாள், யார் யார் போனார்கள் என்று பதிவு இருக்கும்.

இவ்வளவு வருஷம் கழித்தும் கிடைக்குமா என்றால், கிடைத்திருக்கிறது. கேஎன்563 என்கிற கனடாக்காரர்களின் டகோட்டா 1945 ஜூனில் காணாமல் போனது, காட்டில் அதைக் கண்டுபிடித்தது 1990களில், 1997இல் அந்த ஆறு பேரையும் தவுக்ஜானிலேயே அடக்கம் செய்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு அரசாங்கம் நின்றது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள், அந்த வேலைக்காரரை மறுபடி அங்கே அனுப்பாதீர்கள். அரிசி மட்டும் ஏற்றிப் போன விமானம் என்று யாருக்குத் தெரியும், மோர்ட்டார் குண்டும் ஏற்றித்தான் போவார்கள், மண்ணுக்குள் கிடப்பது இன்னும் வெடிக்கும். அதோடு இப்போது அந்தப் பக்கம் இருக்கிற நிலைமை உங்களுக்கே தெரியும், சண்டை நடக்கிற மலையில் போய்ப் பழைய சண்டையைத் தேட வேண்டாம்.

மௌல்மெயின்_அக்கா:

நானும் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் வேறு மாதிரி. எங்கள் தாத்தா அந்தப் பக்கம், நேதாஜி படை. ரங்கூனில் சேர்ந்து மணிப்பூரில் பாலேல் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பியவர். சிரியம் தம்பி பெரிய தாத்தா மேலே இருந்து தள்ளியது சில நேரம் காற்றில் தள்ளிப் போய் இவர்கள் பக்கம் விழும், ஜப்பான்காரர்கள் அதற்கு சர்ச்சில் ரேஷன் என்றே பெயர் வைத்திருந்தார்களாம். தாத்தா கூட்டத்துக்கு அப்போது சோறு என்றால் மூங்கில் குருத்தும் காட்டுக்கீரையும்தான். ஒரு தடவை மரத்தில் பாராசூட்டோடு தொங்கின பெட்டியை ராத்திரியில் ஏறி அறுத்து இறக்கினார்கள், உள்ளே பிஸ்கட் டின்னும் ஜாமும். ஜாமை முதல் தடவையாகத் தின்றது அன்றைக்குத்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாராசூட் துணியையும் விடவில்லை, கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

விமானம் விழுவதையும் பார்த்திருக்கிறார். யாரும் சுடவில்லை, மழை மேகத்துக்குள் போனது, சத்தம் ஒரு மாதிரி மாறினது, அப்புறம் மலைக்குப் பின்னால் டமார் என்று கேட்டது, அவ்வளவுதான் என்பார். எந்த நாள், எந்த மலை என்றெல்லாம் கேட்டு வைக்கவில்லை, அப்போது எனக்குக் கதை கேட்கிற வயசு. உள்ளே நம் ஊர்க்காரனும் இருந்திருப்பான் என்று அவர் நினைத்தாரா தெரியாது, நான் இன்றைக்குத்தான் நினைக்கிறேன்.

வெற்றிலைக்கடை:

அக்கா, ஒரே ஊரிலிருந்து ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதில்லை. விங்கேட் கதையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 😄

சிரியம்_பேரன்:

அக்கா, படித்துவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், ஜாம் டின் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு சேதி. அம்மா சாமி அறைப் பெட்டியிலிருந்து ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தார். சண்டை முடிந்து வந்தது போல, இங்கிலீஷில் டைப் அடித்தது, கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் மேலே ஆர்.ஐ.ஏ.எஸ்.சி என்று தெளிவாக இருக்கிறது! நீங்கள் சொன்னது அப்படியே. பக்கத்தில் ஒரு எண், அதில் முன் எழுத்துகள் தெரிகின்றன, கடைசி இரண்டு எண் போய்விட்டது. காணாமல் போனவர், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்கிற மாதிரி வாசகம். பெயர் எழுதியிருப்பதுதான் விசித்திரம், எங்கள் வீட்டில் அவர் கருப்பையா, காகிதத்தில் எழுத்துக்கூட்டினால் காரபயா என்று வருகிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

மாந்தலே_கணக்குப்பிள்ளை:

அந்தக் காகிதம் போதும் தம்பி, முதலில் அதைப் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், கரையான் மீதியையும் தின்பதற்குள்.

அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடும் வசதி இருக்கிறது, இலவசம். பெயரைப் போட்டால் கிடைக்காது, வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அது, கருப்பையாவை ஏழெட்டு விதமாக எழுதியிருப்பான். அதனால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, படைப்பிரிவு ஆர்.ஐ.ஏ.எஸ்.சி, நினைவிடம் ரங்கூன், தேதி 1944 ஜூலை முதல் செப்டம்பர் வரை என்று வடிகட்டுங்கள். வருகிற பட்டியலில் கா என்கிற ஓசையில் தொடங்குகிறவர்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த எண்ணின் மிச்ச இலக்கங்களோடு ஒப்பிடுங்கள். இந்திய வீரர்கள் பலருக்கு இன்னாரின் மகன், இந்தக் கிராமம், இந்தத் தாலுகா என்று கூடுதல் விவரம் போட்டிருப்பார்கள். உங்கள் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவர் சேரும்போது சிரியம் என்று சொல்லியிருக்க மாட்டார், பூர்வீக ஊரைத்தான் சொல்லியிருப்பார்.

ஆள் கிடைத்ததும் அதே தேதியில் இறந்த விமானப்படைக்காரர்களைச் சிங்கப்பூர் நினைவிடத்தின் கீழ் தேடுங்கள். ஒரே நாளில் 31, 62, 117, 194 மாதிரி டகோட்டா ஸ்குவாட்ரன் ஏதாவது ஒன்றில் நான்கு பேர் சேர்ந்து இருந்தால் அவர்கள்தான் அன்றைக்கு முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள். ஸ்குவாட்ரன் தெரிந்துவிட்டால் விமானத்தின் எண்ணும், எங்கே சாமான் போடக் கிளம்பியது என்பதும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ள ஸ்குவாட்ரன் நாட்குறிப்பில் இருக்கும். மில்காரர் போட்டோவை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

ரங்கூனில் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். விமானம் எல்லை தாண்டி மணிப்பூர்ப் பக்கம் விழுந்து உடல் கிடைத்திருந்தால், இந்து வீரர் என்பதால் எரித்து இம்பாலில் தகன நினைவிடத்தில் பெயர் போட்டிருப்பார்கள். தவுக்ஜானிலும் அப்படி ஒரு தகன நினைவிடம் தனியாக இருக்கிறது, தூண்களைப் பார்க்கிற மும்முரத்தில் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

தேடிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். எண்ணை மட்டும் பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், நானும் ஒரு கை பார்க்கிறேன்.

கலே_மில்காரர்:

சிலிண்டரை எண்ணிப் பார்த்தேன், தெரிகிற பக்கம் மேல் அடுக்கில் நான்கு, மீதி மண்ணுக்குள். இரண்டாவது அடுக்கும் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பாசி. அந்தப் போட்டோவையும் கீழே போட்டிருக்கிறேன், கண் நன்றாகத் தெரிகிறவர்கள் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.